கிரேன் டிரைவர் கோபாலின் வரிக் கழிவு

1. சீட் கைக்கு வந்த விதம்

“வரிக் கணக்கா? அது பெரிய தலைவலிம்மா. நீ பாட்டுக்கு லீவு ரிஜிஸ்தரைப் பாத்துக்கிட்டு இரு. நாளைக்குக் கல்யாணம் ஆகி மெயின்லேண்டு போகப்போற பொண்ணு, இதைக் கத்துக்கிட்டு என்ன செய்யப்போறே?”

எங்கள் தீவின் ஹேடோவில், துறைமுக வேலைகளைக் கவனிக்கும் எங்கள் ஆபீசின் ஹெட் கிளார்க் சண்முகம் சார் இப்படிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் யாரிடமும் கோபப்பட மாட்டார். சம்பள பில் பிரிவில் வருமானவரி பார்த்துக்கொண்டிருந்த வங்காளி பாபு மெயின்லேண்டு லீவில் போனவர், அங்கே உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டார். அடுத்த கப்பலிலும் அவர் வரவில்லை. பிப்ரவரி பில்லில் எல்லோருடைய வரியையும் நேர்செய்தாக வேண்டும். வேறு ஆள் இல்லாததால்தான் அந்த மேசை எனக்கு வந்தது.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா அதே ஹேடோ வார்ஃபில் மஜ்தூர், அதாவது கூலித் தொழிலாளி. அம்மா ரோடு போடும் இடத்தில் கல் உடைத்தவள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவர்கள் வந்தபோது நான் கைக்குழந்தை. அம்மா வேலை செய்த இடத்தில் ஒரு சிமெண்ட் சாக்கை விரித்து, அதில்தான் என்னைக் கிடத்துவாளாம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. எல்.டி.சி. கிளார்க் ஆகி, இங்கிலீஷ் சர்க்குலரை நானே படித்துப் பொருள் சொன்ன அன்று, சாக்கில் கிடந்த பிள்ளை இதைச் செய்கிறாள் என்று கொஞ்சம் கர்வப்பட்டேன் என்பதையும் மறைக்க மாட்டேன்.

கவுண்டருக்கு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது எனக்குப் பிடிக்கும். வின்ச் ஓட்டும் ஆரோக்கியம் அண்ணன் ஒருநாள் ஜன்னலில் தலையை நுழைத்தார்.

“ஏம்மா, சம்சாரம் ஊர்ல இருக்கா. அவளுக்கும் சேத்து எனக்கு வரி குறையுமா?”

“குறையும் அண்ணே. கல்யாணம் ஆனவங்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. பிள்ளைங்க இருந்தா இன்னும் கொஞ்சம்.”

“அப்ப ரெண்டு சம்சாரம்னா?”

“ரெண்டுன்னா வேலையே கழிஞ்சிடும்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் சண்முகம் சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அவரும் சிரித்தார்.

2. புதிய பிரிவு

அந்த வருஷத்து சர்க்குலரில் ஒரு பிரிவு என் கண்ணில் பட்டது. கை கால் நிரந்தரமாக விளங்காமல் போன ஒருவர் சம்பளக்காரரை நம்பி இருந்தால், அவருடைய சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை வருமானத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரி போடலாம். நர்ஸிங் என்ற வார்த்தையும் அதில் இருந்தது. அதாவது பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அந்தச் செலவும் சேரும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும்.

படித்த உடனே எனக்குக் கிரேன் டிரைவர் கோபால் வீட்டு ஞாபகம் வந்தது.

கோபால் அண்ணன் லோக்கல் ஆள். வெள்ளைக்காரன் கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து குடியமர்த்திய காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் குடும்பம். வீட்டில் ஹிந்தி, வார்ஃபில் எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ். ஓவர்டைம் சேர்வதால் வரி வரம்பைத் தாண்டிய சிலரில் அவரும் ஒருவர். அவர் மனைவி சரோஜா அக்கா தமிழ்ப் பெண், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஷிப்டு வேலை. அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண், பால்குடி மறக்காத இன்னொரு பெண். இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது வீட்டிலிருந்த தாதா. ஹிந்தியில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயதானவர், ஆனால் பால் காய்ச்சுவார், ஜடை பின்னுவார், பெரியவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கப்பல் பார்க்கப் போவார். ஹேடோ முழுக்க அவரை கோபாலின் தாதா என்றுதான் சொல்லும்.

முந்தின மழைக்காலத்தில் தாதாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வீட்டில் பிள்ளைகளைப் பார்த்த ஆளையே இப்போது பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மாலதி மாசி என்ற வங்காளி அம்மாவை நாள் முழுக்க வைத்தார்கள். நல்ல மருந்தெல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். சரோஜா அக்காவின் சம்பளம் அப்படியே அதில் போயிற்று. வேலையை விட்டுவிடலாமா என்று அக்கா யோசிப்பதாக எக்ஸ்சேஞ்சில் பேச்சு.

நான் சர்க்குலரைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன்.

“அக்கா, ராஜினாமா எழுதிடாதீங்க. வழி இருக்கு” என்றேன்.

அக்கா சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னடி வழி? உங்க ஆபீஸ்ல கிழவனுங்களைப் பாத்துக்கறாங்களா?”

விளக்கிச் சொன்னேன். கழிவு மட்டும் இல்லை. டிபெண்டண்ட் என்று பதிவானால் மருந்து பில்லும் ஆபீசில் திரும்பக் கிடைக்கும் என்றேன். இரண்டும் சேர்ந்தால் மாசிக்குக் கொடுப்பது போக அக்காவின் சம்பளத்தில் கொஞ்சம் கைக்கு மிஞ்சும். கோபால் அண்ணன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், “பஸ், அது போதும், பண்ணிடு பெஹன்” என்றார், ஹிந்தியில் தங்கை என்று கூப்பிட்டு. “நான் எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு.”

அந்த வாரம் எக்ஸ்சேஞ்சில் கேட்டவர்களிடம், தான் வேலையை விடப்போவதில்லை என்று அக்காவே சொல்லியிருக்கிறாள்.

3. என்ன உறவு

டாக்டர் வந்து பார்த்துச் சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். டிக்ளரேஷனை நானே பூர்த்தி செய்தேன். பெயர், வயது, நோய், எல்லாம் எழுதியாயிற்று. உறவு என்ற இடம் வந்ததும், கவுண்டருக்கு வெளியே நின்ற கோபால் அண்ணனிடம் கேட்டேன்.

“தாதான்னா அப்பாவோட அப்பாவா, அம்மாவோட அப்பாவா அண்ணே?”

அவர் தலையைச் சொறிந்தார். “ரெண்டும் இல்லியே.”

“பின்னே?”

“பக்கத்து வீட்டுக்காரர். ஜப்பான்காரன் தீவைப் பிடிச்சிருந்த காலத்துல எங்க அம்மா அப்பா ரெண்டு பேரும் செத்துப் போயிட்டாங்க. நான் சின்னப் பையன். இவர்தான் தூக்கிட்டுப் போய் வளத்தாரு. அவருக்கு யாரும் இல்ல. கல்யாணமே பண்ணிக்கல.”

இது ரகசியம் ஒன்றும் இல்லை. கேட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் இங்கே யாரும் கேட்க மாட்டோம். லோக்கல் குடும்பங்களில், உங்கள் தாத்தா எந்த ஊர், என்ன சாதி, எதற்காகக் கப்பல் ஏற்றப்பட்டார் என்று கேட்பது மரியாதை இல்லை என்று எங்கள் அம்மா சிறு வயதிலேயே சொல்லித்தந்திருக்கிறாள். ஒருவர் இன்னொருவரை தாதா என்றால் தாதா, மாமி என்றால் மாமி. அதற்குமேல் போகக் கூடாது. நானும் போகவில்லை. சர்க்குலரில் இருந்ததோ ‘ரிலேட்டிவ்’ என்ற வார்த்தை. அதற்கு இன்னார் இன்னார் என்று விளக்கமும் கீழே இருந்தது. வளர்த்தவர் அதில் இல்லை.

பேனாவைக் கீழே வைத்தேன். சண்முகம் சார் தன் இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பான்னு எழுதிட்டுப் போயேம்மா. கல்கத்தா வரி ஆபீசிலேருந்து யாரு கப்பலேறி வந்து பாக்கப்போறா?”

“சர்வீஸ் புக்ல அவரோட அப்பா பேரு வேற இருக்கே சார்.”

“அட, பெரியப்பாங்கறது. ஏதோ ஒண்ணு. தீவுல யாரு யாருக்கு என்ன வேணும்னு கடவுளுக்கே கணக்கு கிடையாது. மனுஷன் படுத்துக் கிடக்கான். எழுது, நான் இனிஷியல் போடறேன்.”

சட்டம் பேசிக்கொண்டே இருப்பவர் அவர். அவரே இப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியம். கோபால் அண்ணன் யோசிக்கவே இல்லை. “அப்பாதான். எழுது பெஹன். நான் கையெழுத்துப் போடறேன். இதுல என்ன பொய் இருக்கு?”

நானும் எழுதிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். ஆனால் தாதாவின் கைநாட்டும் வேண்டும். தனக்கு வேறு வருமானம் இல்லை, இந்தச் சம்பளக்காரரை நம்பித்தான் இருக்கிறேன் என்று அவரிடமும் ஒரு வாக்குமூலம் வாங்குவது எங்கள் ஆபீசின் வழக்கம். சாயங்காலம் ஸ்டாம்ப் பேடை எடுத்துக்கொண்டு நானும் கோபால் அண்ணனும் அவர் வீட்டுக்குப் போனோம்.

தாதா கட்டிலில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். பெரியவள் அவருடைய விளங்காத கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு மருதாணி மாதிரி சிவப்பு மண் பூசிக்கொண்டிருந்தாள். மாலதி மாசி அவளைத் திட்டிக்கொண்டே சின்னவளுக்குச் சோறு ஊட்டினாள்.

அவருக்குப் பேச்சு குழறும். ஹிந்தியில்தான் பேசுவார். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். கோபால் என் மகன் என்ற வரி வந்ததும் நல்ல கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“யார் எழுதினது?”

“நான்தான் தாதா.”

“அடிச்சிடு.”

கோபால் அண்ணன் குனிந்து அவர் காதருகே, “சும்மா காகிதத்துக்குத்தான் தாதா. மருந்துக்காக” என்றார்.

கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: “ஒரு தடவை இன்னொருத்தன் எழுதின சர்க்கார் காகிதத்துல நான் கைநாட்டு வெச்சேன். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. அதுக்குத்தான் என்னைக் கப்பல் ஏத்தினாங்க. இதுல என்ன இருக்குன்னு தெரியும். தெரிஞ்சு வைக்க மாட்டேன். என் பையனும் வைக்கக் கூடாது.”

அவர் ஏன் தீவுக்கு வந்தார் என்பது கோபால் அண்ணனுக்கே அன்றுதான் தெரிந்தது என்று பிறகு சொன்னார்.

சரோஜா அக்கா ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்து வாசலில் நின்றாள். பாதியில் வந்தாலும் விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. “பையன்னு வாய்ல வருதுல்ல? காகிதத்துல மட்டும் வரக்கூடாதாமா?” என்று தமிழில் கத்தினாள். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் குரல் அவருக்குத் தெரியும்.

“குஸ்ஸா மத் கர், பேட்டி” என்றார். கோபித்துக்கொள்ளாதே மகளே என்று.

“எனக்கென்ன கோபம்? நான் வேலையை விட்டுட்டு உங்களுக்குக் கஞ்சி ஊத்தறேன். அதுதானே வேணும் எல்லாருக்கும்?” என்றவள், பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சின்னவள் அழ ஆரம்பித்தாள்.

அவர் கட்டை விரலைப் பிடித்து நாங்களே அழுத்தியிருக்கலாம். விளங்காத கைதானே, தடுத்திருக்கவும் முடியாது. அந்த எண்ணம் எனக்கு வந்தது. கோபால் அண்ணனுக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

4. பதில்

உண்மையை எழுதிக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அநாதையாக இருந்த கோபாலை வளர்த்தவர், இப்போது வேறு யாரும் இல்லாமல் அவரை நம்பியே இருக்கிறார், கழிவு தரலாமா என்று நான் வரைவு போட்டேன். சண்முகம் சார் என் இங்கிலீஷில் இரண்டு இடத்தில் மட்டும் கை வைத்தார். சம்பளப் பணம் எடுத்துத் தரும் டிராயிங் ஆபீசர் கையெழுத்துப் போட்டு, அது கப்பலில் கல்கத்தாவுக்குப் போயிற்று.

கப்பல் போகும் வரை ஒரு காத்திருப்பு, பதில் கப்பல் வரும் வரை இன்னொன்று. அதற்குள் பிப்ரவரி பில்லும் போய்விட்டது, மார்ச்சும் முடிந்துவிட்டது. கடைசியில் வந்த பதில் நாலு வரி. குறிப்பிட்ட நபர் சட்டத்தில் சொன்ன உறவில் வராததால் கழிவு அனுமதிக்கப்படாது. அதே காரணம் சொல்லி, ஆபீசில் கொடுத்திருந்த மருந்து பில்லையும் பணம் தராமல் திருப்பிவிட்டார்கள்.

எழுதியவர்மேல் தப்பில்லை. நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருக்க முடியும். சட்டம் போட்டவர்கள் குடும்பம் என்றால் ரத்தமும் தாலியும் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். மெயின்லேண்டில் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அத்தையும் சித்தியும் அடுத்த தெருவில் இருக்கும் ஊர்கள் அவை. இங்கே எல்லோரும் ஏதோ ஒரு கப்பலில் வந்து இறங்கியவர்கள். பக்கத்து வீட்டு ஆள்தான் அத்தையும் சித்தியும் அப்பாவும்.

இன்னொன்றும் அப்போதுதான் மனதில் பட்டது. பிள்ளை இருப்பவர்களுக்குச் சலுகை என்று நான் கவுண்டரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பிள்ளை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தது. அம்மா வேலைக்குப் போனால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கும் என்று பார்க்கவில்லை. அதுவும் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இருந்தால்தான். கல் உடைத்த என் அம்மாவுக்கு எந்த வரியும் கிடையாது, அதனால் எந்தச் சலுகையும் கிடையாது. அவளுக்கு இருந்தது சிமெண்ட் சாக்கு மட்டும்தான்.

பதிலைக் கொண்டுபோய்ச் சரோஜா அக்காவிடம் நான்தான் கொடுத்தேன். எக்ஸ்சேஞ்ச் வாசலில், டீ நேரத்தில். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“உன்மேல கோவம் இல்லடி” என்றாள். “நீ வந்து சொல்லாம இருந்திருந்தா அந்த வாரமே விட்டிருப்பேன். மனசு அப்பவே ஆறிப்போயிருக்கும்.”

“மெடிக்கல் லீவு போட்டுப் பாருங்க அக்கா. சம்பளமில்லா லீவு கேட்டுப் பாருங்க.”

“கேட்டாச்சு. எத்தனை நாளுன்னு கேக்கறாங்க. எத்தனை நாளுன்னா, அந்த மனுஷன் சாகற வரைக்கும்னு எழுதித்தரச் சொல்றியா?”

அடுத்த திங்கட்கிழமை அக்கா ராஜினாமா கொடுத்தாள். மாலதி மாசியை நிறுத்தினார்கள். தீவின் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் “எக்ஸ்சேஞ்ச்” என்று கணீரென்று கேட்ட குரலுக்குப் பதிலாக வேறு குரல் வந்தது. ஒருநாள் ட்ரங்க் கால் புக் பண்ணும்போது பழக்கத்தில் “அக்கா” என்று ஆரம்பித்துவிட்டேன். மறுபக்கத்தில் ஒரு பையன், “சொல்லுங்க மேடம்” என்றான்.

அக்கா வேலையை விட்டது தாதாவுக்குத் தெரியும். அக்கா ஊட்டும்போது முன்புபோல அடம் பிடிக்காமல் சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடுவதாகக் கோபால் அண்ணன் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கிரேன் ஏணியின் முதல் படியில் உட்கார்ந்திருந்தார், மேலே ஏறவில்லை.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

இப்போது ஆபீசுகளில் பெண்கள் நிறையச் சேர்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சர்க்குலரை முழுதாகப் படியுங்கள் என்று சொல்லலாம். நான் முழுதாகத்தான் படித்திருந்தேன். நான் கற்றுக்கொண்டது வேறு. ஒரு சலுகையைப் பற்றிச் சொல்லப் போகும் முன், அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேளுங்கள். நம் எதிரே நிற்கும் ஆள் அதில் இல்லாமல் போகலாம். அப்போது காகிதத்தை வளைப்பதா, மனிதரை வளைப்பதா என்று ஆபீசில் இரண்டு வழிதான் சொல்வார்கள். அந்த வீட்டுக் கிழவர் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. அவர் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். அதற்கான விலையைக் கொடுத்தது சரோஜா அக்கா. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

அக்காவின் வேலை திரும்ப வராது. அந்த இடத்தில் நிரந்தரமாக ஆள் போட்டுவிட்டார்கள். ஆனால் ஆபரேட்டர்கள் மெயின்லேண்டு லீவில் போகும்போது அந்த லீவு வேகன்சிக்குப் பழகிய ஆள் வேண்டியிருக்கிறது. கப்பல் காரணமாக அந்த லீவுகள் எப்போதும் நீண்டுவிடும். சூப்பர்வைசர் அக்காவைக் கேட்டிருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்று அவள் மறுத்துவிட்டாள்.

இது தெரிந்தபோது நாங்கள் ஹேடோவிலிருந்து தள்ளி, டெலானிபூரில் இருந்தோம். எனக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸ். மேட்டில், காற்றோட்டமாக, வீட்டுக்குள்ளேயே குழாயோடு. என் பெயரில் வந்த வீடு அது. அம்மாவைக் கல் உடைக்கப் போக வேண்டாம் என்று நிறுத்தி அங்கே உட்கார வைத்திருந்தேன். அவள் பகல் முழுக்கச் சும்மா இருக்க முடியாமல் வாசலை இரண்டு தடவை பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் கேட்டேன். ஹேடோவில் கோபால் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் ஒரு மலையாளி டிராப்ட்ஸ்மேன். தன் குவார்ட்டர்ஸை எங்கள் மேட்டு வீட்டோடு மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அக்கா டியூட்டிக்குப் போகும் நாட்களில் மட்டும் நீ தாதாவையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாயா என்றேன்.

“படுத்த படுக்கையா கிடக்கற மனுசனையா? தூக்கி உக்கார வைக்கணுமே?”

“ஆமாம்மா.”

“கல்லைவிடக் கனமா இருக்கப்போறாரா?” என்றாள். பிறகு, “சின்னது ராத்திரி பால் கேக்குமா?” என்று கேட்டாள். அவள் ஒத்துக்கொண்டாள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

அப்பா மட்டும் முணுமுணுத்தார். “மேட்டுல ஏத்தினே, பொதுக் குழாய்க்கு மறுபடி இறக்கறே. படிச்ச பொண்ணு செய்யற காரியமா?” வேலைக்கு நடக்கும் தூரம் குறையும் என்றதும் சரி என்றார்.

வீடு மாற்றிக்கொள்ளும் விண்ணப்பத்தில் டிராப்ட்ஸ்மேனும் நானும் கையெழுத்துப் போட்டோம். அனுமதி வந்துவிட்டது. நேற்று மத்தியானம் டெலானிபூர் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு, ஹேடோ வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.